கண் காட்டட்டும், கை சொல்லட்டும்!



ஒரு சின்னச் சோதனையோடு ஆரம்பிப்போம். பைசா செலவில்லை. கையை நேராக நீட்டிக் கட்டை விரலை உயர்த்துங்கள். நகத்தையே பாருங்கள். இப்போது கண்ணைத் துளியும் நகர்த்தாமல், விரலுக்குப் பக்கத்தில் தெரியும் நோட்டீஸ் போர்டைப் படியுங்கள் பார்க்கலாம். முடியாது! போர்டு இருப்பது தெரியும், காகிதம் ஒட்டியிருப்பது தெரியும், ஆனால் எழுத்து பிடிபடாது.

உலகம் முழுவதையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்கிறோம் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் தெளிவாகத் தெரிவது அந்தக் கட்டை விரல் அகலம்தான், ஏறக்குறைய 2 டிகிரி. விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்ற சின்னஞ்சிறு பள்ளம் இருக்கிறது. கூம்பு செல்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது அங்கேதான். எதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமோ அதை அந்தப் பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவர, கண் நொடிக்குச் சுமார் 3 முறை தாவிக்கொண்டே இருக்கிறது.

இதில் நமக்கு என்ன? இருக்கிறது! மனது எங்கே போகிறதோ அங்கே கண்ணும் போகிறது. அப்படியென்றால் கண் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால், நாம் எதை நினைக்கிறோம் என்று பாதி தெரிந்த மாதிரிதானே? மௌஸ் எதற்கு, பட்டன் எதற்கு? பார்த்தாலே போதுமே! செமினாருக்குத் தலைப்புத் தேடியபோது என்னை இழுத்த கேள்வி இதுதான். உள்ளே போகப் போகத்தான் 'பார்த்தாலே போதும்' என்பது எவ்வளவு வில்லங்கமான ஆசை என்று புரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

மாய உலகத்தில் கைக்கு என்ன கஷ்டம்?

வர்ச்சுவல் ரியாலிட்டி என்ற மெய்நிகர் உலகத்தை இப்போது பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் கண்முன் ஓர் அறை, ஒரு தொழிற்சாலை, ஒரு கிரகம் என்று எது வேண்டுமானாலும் விரியும். 1968-ல் ஐவன் சதர்லாண்ட் தலையில் மாட்டும் திரையைச் செய்து காட்டிய நாளிலிருந்து இந்தக் கனவு வளர்ந்து வருகிறது.

அந்த உலகத்தில் 10 மீட்டர் தள்ளி ஒரு வால்வு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்க வேண்டும். கை எட்டாது. நடந்து போகலாம் என்றால் நிஜ அறையின் சுவர் முட்டும்! அதனால் கையில் ஒரு கருவியைக் கொடுத்து, அதிலிருந்து ஒரு ஒளிக்கோடு புறப்படுவது போல் காட்டி, அந்தக் கோட்டை வால்வின் மேல் வைத்துப் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். நல்ல வழிதான். ஆனால் பத்து நிமிடம் கையைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், தோள் கழன்றுவிடும். தூரம் கூடக் கூடக் கையின் சின்ன நடுக்கமும் அங்கே பெரிதாகிவிடும்.

கண்ணோ, கையைத் தூக்கும் முன்பே அந்த வால்வுக்குப் போய்விட்டது. கையை எங்கே கொண்டு போவது என்று பார்த்துச் சொன்னதே கண்தானே! ஆகவே கண்ணையே சுட்டுவிரலாக ஆக்கிக்கொண்டால் என்ன என்று ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள்.

கண்ணைப் பிடிப்பது எப்படி?

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஹெட்செட்டுக்குள் லென்ஸைச் சுற்றிச் சின்னச் சின்ன அகச்சிவப்பு எல்.இ.டி.க்கள். அந்த ஒளி கண்ணில் பட்டால் கார்னியாவின் மேல் ஒரு பளிச் புள்ளியாகத் தெரியும். பக்கத்திலேயே ஒரு குட்டிக் கேமரா. கேமராவின் படத்தில் கண்பாவை கறுப்பு வட்டமாகவும், எல்.இ.டி.யின் பிரதிபலிப்பு வெள்ளைப் புள்ளியாகவும் விழும். கண் திரும்பினால் கறுப்பு வட்டம் நகரும், வெள்ளைப் புள்ளி அவ்வளவாக நகராது. இரண்டுக்கும் உள்ள தூரத்தையும் திசையையும் கணக்கிட்டால் பார்வை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நம் வெக்டார் கணக்குதான், வேறொன்றுமில்லை.

ஆனால் ஒரு சிக்கல். கண்ணின் வடிவ அச்சும், நாம் உண்மையில் பார்க்கும் திசையும் ஒன்றல்ல. ஏறக்குறைய 5 டிகிரி விலகியிருக்கும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் ஹெட்செட்டை மாட்டியதும் "இந்தப் புள்ளியைப் பார், அந்தப் புள்ளியைப் பார்" என்று அது நம்மை வேலை வாங்குகிறது. நம் லேபில் மீட்டருக்கு ஜீரோ அட்ஜஸ்ட்மென்ட் செய்கிறோமே, அதே காரியம். இதைச் செய்த பிறகும் மூக்குக் கண்ணாடியின் பிரதிபலிப்பு, தொங்கும் இமை, இமை மயிரில் பூசிய கருமை, ஹெட்செட் லேசாக நழுவுவது என்று ஆயிரம் தொல்லை. நல்ல கருவியிலும் அரை முதல் ஒரு டிகிரி வரை பிசகு சகஜம்.

ஒரு டிகிரிதானே என்று விட்டுவிடக்கூடாது. கால்குலேட்டரை எடுங்கள். 1 டிகிரியின் டான் மதிப்பு 0.0175. எனவே 2 மீட்டர் தூரத்தில் பிசகு 3.5 செ.மீ., 10 மீட்டரில் 17.5 செ.மீ. வால்வுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வால்வு இருந்தால் எதைப் பார்க்கிறோம் என்பதே சந்தேகம்.

அடுத்து, கண்ணிலிருந்து ஒரு கோடு கிளம்புகிறது. அதன் திசையைத் தலை திரும்பியிருக்கும் திசையோடு சேர்த்தால் மாய உலகத்தில் ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்தக் கோடு முதலில் எந்தப் பொருளில் இடிக்கிறதோ அதுதான் நாம் பார்க்கும் பொருள் என்று எடுத்துக் கொள்கிறார்கள். ஒரு பொருளுக்குப் பின்னால் இன்னொன்று கண்ணாடி வழியாகத் தெரிந்தால்? "இரண்டு கண்ணும் எங்கே கூடுகின்றன என்று பார்த்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கலாமே" என்று எங்கள் வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கண்களுக்கு இடையே 6.3 செ.மீ. என்று வைத்தால், அரை மீட்டரில் உள்ள பொருளுக்குக் கண்கள் கூடும் கோணம் 7.2 டிகிரி. 2 மீட்டரில் 1.8 டிகிரி. 4 மீட்டரில் 0.9. 10 மீட்டரில் வெறும் 0.36! கருவியின் பிசகே ஒரு டிகிரி வரை போகும்போது, நான்கைந்து மீட்டருக்கு அப்பால் இந்த வழி கைகொடுக்காது. கிட்டத்தில் மட்டும் உதவும்.

மைதாஸ் ராஜாவின் தலைவலி

இதெல்லாம் கருவியின் குறை. நாளைக்குச் சரியாகலாம். ஆனால் கருவி நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

ஜவுளிக்கடைக்குப் போகிறீர்கள். ஒரு சட்டையைச் சும்மா பார்க்கிறீர்கள். கடைக்காரர் உடனே "பில் போட்டாச்சு சார்" என்கிறார். அடுத்த சட்டைக்குக் கண் போகிறது, அதற்கும் பில்! கதவைப் பார்த்தால் "கிளம்பிட்டீங்களா? நன்றி" என்று வெளியே அனுப்பிவிடுகிறார். எப்படி இருக்கும்?

கண்ணால் தேர்ந்தெடுக்கும் கம்ப்யூட்டர் அப்படித்தான் நடந்து கொண்டது. அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ராபர்ட் ஜேக்கப் என்பவர் 1990-ல் இதைத் தெளிவாக எழுதி, 'மைதாஸ் தொடுகை' என்று பெயர் வைத்தார். தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் வாங்கிய கிரேக்கக் கதை ராஜாவைத் தெரியுமல்லவா? சோற்றைத் தொட்டாலும் பொன்! வரமே சாபமானது. அதே மாதிரி, கண் பட்டதெல்லாம் திறந்தால், அழிந்தால், ஓடினால், மனிதன் எங்கேதான் கண்ணை வைப்பான்? நம்மூர்க் கதையில் சிவபெருமான்கூட நெற்றிக்கண்ணை எந்நேரமும் திறந்து வைத்துக் கொள்வதில்லையே!

மௌஸை விட்டுக் கையை எடுத்துவிடலாம். கண்ணை எங்கே எடுத்து வைப்பது? கை செய்வதற்காக இருக்கிறது. கண் பார்ப்பதற்காக இருக்கிறது. தேடும்போதும் தாவும், யோசிக்கும்போதும் தாவும், யாராவது கதவைத் திறந்தாலும் தாவும். பல தாவல்கள் நமக்கே தெரியாது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்! தாவும் நேரத்தில் மூளை பார்வையை மங்கலாக்கிவிடுகிறது. நமக்கே தெரியாமல் நடப்பதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டால் விபரீதம்தான்.

கண் சிமிட்டினால் 'சரி' என்று வைக்கலாமே என்பீர்கள். நாம் நிமிடத்துக்கு 15 தடவை போல சும்மாவே சிமிட்டுகிறோம். தவிர, எப்போது சிமிட்டுவது என்று யோசித்துக்கொண்டே இருப்பது இயல்பாக இல்லை என்று ஜேக்கப் அதை ஒதுக்கினார். அவர் எடுத்த வழிகள் இரண்டு. ஒன்று, பொருளின் மேல் கண் கொஞ்ச நேரம் நின்றால் தேர்வு. தவறினாலும் அடுத்ததைப் பார்த்தால் சரியாகிவிடும் என்ற வேலைகளுக்கு 150 முதல் 250 மில்லி செகண்ட் போதும் என்று கண்டார். இரண்டாவது இன்னும் அழகு. திரையில் கப்பல்கள். ஒரு கப்பலைப் பார்த்தால் அதன் விவரம் ஓரத்துக் கட்டத்தில் சத்தமில்லாமல் வந்து நிற்கும். வேண்டுமானால் அங்கே பார்க்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். பார்வைக்குப் பதிலாக நடப்பது தீங்கில்லாத காரியமாக இருந்தால் மைதாஸ் பயம் இல்லை!

வேகம் உண்டு, நினைவு?

பின்னர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் தன்ரிவெர்தி என்ற ஆராய்ச்சியாளரும் ஜேக்கப்பும் இதையே மெய்நிகர் உலகத்தில் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். கையால் சுட்டுவதையும் கண்ணால் தேர்ந்தெடுப்பதையும் ஒப்பிட்டதில், கண் வேகமாக இருந்தது. முக்கியமாகப் பொருள்கள் தூரத்தில் இருந்தபோது.

ஆனால் கூடவே இன்னொன்றும் தெரிந்தது. எந்தப் பொருள் எங்கே இருந்தது என்பதை நினைவில் வைப்பதில், கண்ணால் வேலை செய்தவர்கள் பின்தங்கினார்கள். டிராயிங் ஹாலில் கையால் வரைந்த படம் மனதில் நிற்பதும், பார்த்து மட்டும் விட்ட படம் மறந்து போவதும் நமக்கும் அனுபவம்தானே? அதனால் வேகம் மட்டுமே வெற்றியல்ல. ஒரு மெஷினை ஓட்டக் கற்றுக் கொடுக்கும் மாய உலகத்தைச் செய்கிறவர், எதைக் கண்ணுக்கு விடுவது, எதைக் கைக்கு வைப்பது என்று யோசித்தே ஆக வேண்டும்.

ஒரு சிட்டிகை உப்பு

'கண் பார்த்தால் கை செய்யும்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். விஞ்ஞானிகளும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள்! இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிஃபாய்ஃபர் முதலியோர் 2017-ல் விளக்கிய முறை இது. எந்தப் பொருள் என்பதைக் கண் காட்டும். 'ஆமாம், இதைத்தான்' என்பதைக் கை சொல்லும். சிட்டிகை உப்பு எடுப்பது போலக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினால் போதும். கையைத் தூக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம், மடியிலேயே கிடக்கட்டும். 2024 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ இந்த முறையையே தன் முக்கிய வழியாக வைத்துக் கொண்டது.

இதிலும் ஒரு நுணுக்கம். கண் கையைவிட அவசரக்காரன். விரல்கள் ஒட்டுவதற்குள் அது அடுத்த பொருளுக்குத் தாவியிருக்கும். விரல் ஒட்டிய அந்த விநாடியில் கண் எங்கே என்று பார்த்தால் தப்பான பொருள் மாட்டும். எனவே கொஞ்சம் முன்னால் கண் எங்கே நிலைத்திருந்தது என்று பின்னோக்கிப் பார்த்து எடுக்க வேண்டும். புரோகிராம் எழுதப் போகிற நண்பர்கள் குறித்துக் கொள்ளுங்கள்.

கை இல்லாவிட்டால்?

"அப்போ பிரச்சினை தீர்ந்ததா?" என்று கேட்டால், தீரவில்லை என்பேன்.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். பக்கவாதம். கை கால் அசையாது, பேச்சும் போய்விட்டது. ஆனால் பாட்டியிடம் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார், கண்ணால்! செம்புப் பக்கம் பார்ப்பார். பாட்டி உடனே தண்ணீரை ஊற்றிவிட மாட்டார். "தண்ணியாங்க?" என்று கேட்பார். தாத்தா கண்ணை நிதானமாக மூடித் திறந்தால் ஆமாம். மூடாவிட்டால், சும்மா பார்த்தார் என்று அர்த்தம். அப்போது எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. ஜேக்கப்பின் கட்டுரையைப் படித்தபோதுதான், பள்ளிக்கூடம் போகாத பாட்டி மைதாஸ் சிக்கலைத் தன் போக்கில் தீர்த்து வைத்திருந்தார் என்று உறைத்தது. பார்வை வேறு, சம்மதம் வேறு. இரண்டையும் அவர் ஒரு நாளும் குழப்பவில்லை.

அந்தத் தாத்தாவைப் போன்றவருக்குச் சிட்டிகை வைத்த ஹெட்செட்டால் என்ன பயன்? விரல் ஒட்டாதே! அவருக்குக் கண்தான் கை. அதனால் கண் நிலைத்து நிற்கும் நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் பழைய வழியையும் விட்டுவிடக் கூடாது. விஷன் ப்ரோவிலும் அந்த வசதி தனியாக உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது. 2013-ல் விடால் முதலிய லான்காஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் சொன்னது. தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள்களை ஒவ்வொரு பாதையில் மெல்ல நகர விடுவார்கள். கண் எந்தப் பொருளின் கூடவே போகிறதோ அது தேர்வு. ஓடுகிற பொருள் இல்லாமல் கண்ணால் அப்படி வழுக்கிக்கொண்டு போக முடியாது, தாவத்தான் வரும். எனவே தற்செயலாகத் தேர்வாகும் ஆபத்து குறைவு. புள்ளி பார்த்து ஜீரோ அட்ஜஸ்ட்மென்ட் செய்யும் தொல்லையும் இல்லை, அசைவின் வடிவம் பொருந்தினால் போதும்.

பார்வை யாருடைய சொத்து?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கண் எங்கே போனது என்ற பதிவு நம்மைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். எந்த விளம்பரத்தில் நின்றது, எந்த முகத்தைத் தவிர்த்தது, எந்த வரியில் தடுமாறியது என்று எல்லாம். நாம் பட்டனை அழுத்தியது நாமாகக் கொடுத்தது. நாம் பார்த்தது நாம் கொடுக்காதது.

விஷன் ப்ரோவில், பார்வை எங்கே அலைகிறது என்பது அப்ளிகேஷன்களுக்குப் போவதில்லை, விரல் ஒட்டியபின் தேர்வு மட்டுமே போகும் என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு. இருந்தும் 2024-ல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். வீடியோ பேச்சில் நமக்குப் பதிலாகத் தோன்றும் பொம்மை முகத்தின் கண்கள் நம் கண்ணைப் போலவே அசையும். மாய விசைப்பலகையில் நாம் கண்ணால் டைப் அடிக்கும்போது அந்தப் பொம்மைக் கண்ணைப் பார்த்தே என்ன எழுத்து என்று ஊகித்துவிட்டார்கள்! கேஸ்ப்ளாய்ட் என்று அதற்குப் பெயர். அதே ஆண்டில் விசைப்பலகை திறந்திருக்கும்போது பொம்மை முகம் நின்றுவிடும்படி திருத்தினார்கள். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

நமக்கு என்ன வேலை?

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம், நமக்கு எட்டாது என்று நினைக்காதீர்கள். ஒரு வெப்கேம், ஒரு அகச்சிவப்பு எல்.இ.டி., கொஞ்சம் புரோகிராம் இருந்தால் கண்பாவையைப் பிடிக்கும் சிறு கருவியை நம் ப்ராஜெக்ட்டாகவே செய்து பார்க்கலாம். வெப்கேமுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும், அதைக் கழற்ற வேண்டும். மிக முக்கியம், அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. கூசாது, கண்பாவை சுருங்காது, இமை மூடாது. ஆகவே அதிகமாகிப் போனாலும் கண் தன்னைக் காத்துக்கொள்ளாது. டேட்டா ஷீட்டைப் பார்த்து, கரன்ட்டை அளந்து, லெக்சரரிடம் காட்டிவிட்ட பிறகே யார் கண்ணுக்கு முன்னாலும் வையுங்கள். நம்முடைய கண்ணும் கண்தான்!

அப்படிச் செய்ய உட்காரும் நண்பர்கள், கண் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடித்ததோடு "முடிந்தது" என்று எழுந்துவிடாதீர்கள். பாதி வேலை அதோடு சரி. மீதிப் பாதி, அந்தப் பாட்டி கேட்ட ஒரு வார்த்தை. "தண்ணியாங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கருவியைச் செய்யுங்கள். நிச்சயம் நாலு பேருக்கு உதவும்.